போனது எங்கே? – சக்திக் கணக்கும் ஒளியின் பங்கும்

(கண்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓர் ஆசிரியையின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. பௌதிகத்தின் அடிப்படைகளைப் பற்றி, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி பேசவேண்டும் என்று கேட்டார்கள். அடிப்படை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடநூல் அல்ல, கொழுந்து நிறுக்கும் மடுவம்.

நான் பிறந்தது கண்டிக்குத் தெற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவின் கூடையைத் தேடி மடுவத்துக்கு ஓடுவேன். தராசில் கூடை தொங்கும், கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார், பிறகு கழிவு. மழை நாளென்றால் ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அம்மா மட்டும் நகராமல் நின்று கேட்டார்: "ஐயா, ஈரத்துக்குன்னு கழிச்சீங்க, சாக்குக்குன்னு கழிச்சீங்க. என் பேர்ல அந்த மூணு கிலோ இல்ல, சரி. அது போன எடத்துல கூடியிருக்கணுமில்லீங்களா? அத யாரு பேர்ல எழுதுறீங்க?"

அன்றைக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. மூன்று கிலோவும் கிடைக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் குறைந்தது இன்னோரிடத்தில் கூடியிருக்கத்தான் வேண்டும் என்ற அந்த வழக்கை, பல ஆண்டுகளுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் சக்திக் காப்பு விதி என்ற பெயரில் மறுபடி சந்தித்தேன். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான். "போனது எங்கே?" என்ற கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர்களுக்குத்தான் இயற்கை தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் நம் கண் எளிதில் தவறவிடும் பக்கம் கதிர்ப்பு. வெளிச்சமாகவும் அனலாகவும் வானொலி அலையாகவும் வந்து போகிற மின்காந்தக் கதிர்ப்பு.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களில் ஒருவர் பௌதிக அறிஞரே அல்லர். யூலியஸ் ரொபேர்ட் மாயர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1840 இல் ஒரு டச்சுக் கப்பலின் வைத்தியராக ஜாவாவுக்கு வந்தார். சுரபாயாத் துறைமுகத்தில் மாலுமிகளுக்கு நாளத்தைத் திறந்து இரத்தம் எடுத்தபோது, கருஞ்சிவப்பாக இருக்கவேண்டிய நாள இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தவறுதலாக நாடியை வெட்டிவிட்டோமோ என்று திகைத்தார். பிறகு யோசித்தார்: இங்கே ஊரே சூடாக இருக்கிறது. உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்கவேண்டியதில்லை. ஆகவே இரத்தத்திலுள்ள ஒட்சிசன் குறைவாகத்தான் செலவாகிறது. சாப்பாடு, உடற்சூடு, உழைப்பு மூன்றும் ஒரே கணக்கின் வரிகள் என்று அவர் கண்டது அங்கேதான். ஐரோப்பாவின் குளிரில் கண்ணுக்குப் படாதது நம் பக்கத்து வெயிலில் பட்டது. 1842 இல் அதை எழுதி வெளியிட்டார். நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் யூல், விழும் எடையைக் கொண்டு தண்ணீரைக் கலக்கி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். 1847 இல் திருமணமாகி மனைவியோடு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனவர், கையில் வெப்பமானியும் வைத்திருந்தார். அருவியின் உச்சியிலும் அடியிலும் வெப்பநிலையை அளக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நீர் விழுந்தால் அதன் உயரம் போய்விடுகிறது. போன உயரம் சூடாக வந்திருக்கவேண்டும். வந்திருக்கிறதா?

யூலின் அருவியைத் தேடி நாம் ஆல்ப்ஸ் போகவேண்டாம். திகனவைத் தாண்டிப் போனால் விக்டோரியா இருக்கிறது. 1985 இல் திறந்துவைக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான, வில்லாக வளைந்த கொங்கிறீற்று அணை. மகாவலித் தண்ணீர் அங்கிருந்து நீண்ட சுரங்கத்தின் வழியாகப் போய், சுமார் 190 மீற்றர் இறங்கி, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அதன் மொத்த வலு 210 மெகாவாற்று.

கணக்கை ஒரு லீற்றருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ, 190 மீற்றர், ஈர்ப்பு 9.81. பெருக்கினால் ஏறக்குறைய 1860 யூல். இந்த ஒரு லீற்றரைச் சும்மா அருவியாக விழவிட்டால், அடியில் அது அரைப் பாகைக்கும் குறைவாகவே சூடேறும். யூல் தேடியது இவ்வளவு சிறிய எண். சுழலி வழியாக விட்டால் அதே 1860 யூல் மின்சாரமாகிறது. 10 வாற்று மின்குமிழ் ஒன்றை மூன்று நிமிடம் எரிக்கும்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். காலையில் தேத்தண்ணி போட ஒரு லீற்றர் தண்ணீரை மின்கேத்திலில் வைக்கிறீர்கள். 25 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 இலட்சத்து 14 ஆயிரம் யூல் வேண்டும். விக்டோரியாவில் எத்தனை லீற்றர் விழவேண்டும்? ஒன்றும் வீணாகாவிட்டால் 168. சுழலியிலும் கம்பியிலும் கேத்திலிலும் போவதைச் சேர்த்தால் 200 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் கொதிக்க ஒரு பீப்பாய் ஆறு மலையிலிருந்து இறங்குகிறது. மின்பட்டியலில் ஓர் அலகு என்று எழுதுகிறார்களே, அந்த ஓர் அலகு 36 இலட்சம் யூல். அதற்கு ஏறக்குறைய இரண்டு கன மீற்றர் தண்ணீர். இந்த எண்களை முதன்முதல் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உயரம் இவ்வளவு மலிவு, சூடு இவ்வளவு விலை என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. வரட்சிக் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் மிச்சங்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். வீடு வாசலை விட்டுப் போனவர்கள் கொடுத்ததும் இந்த மின்சாரத்துக்கான விலையில் சேரும். அது யூலில் அளக்கப்படுவதில்லை.

கண்டி நகரத்துக்கு வடக்கே பொல்கொல்லவில் இன்னொரு கணக்கு நடக்கிறது. 1976 முதல் அங்கே மகாவலியின் ஒரு பங்கைச் சுரங்கத்தில் திருப்பி, உக்குவளை மின்நிலையம் வழியாகச் சுது கங்கைக்கு விட்டு, வடமத்திய வயல்களுக்கு அனுப்புகிறார்கள். அப்படித் திருப்பிய ஒவ்வொரு கன மீற்றரும் விக்டோரியாவில் விழமுடியாது. நெல்லா, மின்சாரமா என்று ஒவ்வொரு போகத்திலும் வாதம் எழுவது இதனால்தான். ஒரே தண்ணீரை இரண்டு பேரில் எழுத இயற்கை விடாது.

சரி. மலைமேல் தண்ணீரை ஏற்றியது யார்?

கடலிலிருந்து ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 இலட்சம் யூல் வேண்டும். வெயில் அதைக் கொடுக்கிறது. அது மேகமாகி, மழையாகி, நம் மலைகளில் விழுந்து, விக்டோரியாவில் இறங்கும்போது நமக்குத் திரும்பக் கிடைப்பது 1860 யூல். ஆயிரத்து முந்நூறில் ஒரு பங்கு. அம்மா இங்கே நின்றிருந்தால் கட்டாயம் கேட்டிருப்பார்: மிச்சம் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பங்கும் யார் பேரில்?

பெரும்பங்கு மேகம் திரளும் இடத்தில் வெளியாகிறது. நீராவி துளியாகும்போது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது. சுற்றியுள்ள காற்று சூடாகிறது. பிற்பகலில் ஹந்தானை மலைக்கு மேலே பஞ்சுப்பொதி போலக் குமுறி எழும் மேகத்தை இங்கிருப்பவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அது மேலே மேலே எழுவது அந்தச் சூட்டினால்தான். ஆனால் காற்றும் அதைக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் பூமி நாளுக்கு நாள் கொதித்துக்கொண்டே போகும். கடைசியில் அந்தச் சக்தி பூமியை விட்டே வெளியேறுகிறது. வெறும் வெளியில் கம்பியில்லை, காற்றில்லை, கடத்த ஒரு பொருளும் இல்லை. எப்படிப் போகிறது? வந்த வழியாகவே, கதிர்ப்பாக.

மின்காந்தக் கதிர்ப்பு என்பதை இரண்டு வரியில் சொல்லலாம். மாறுகிற மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மாறுகிற காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். ஒன்றையொன்று பெற்றெடுத்தபடி இரண்டும் வெளியில் விரைந்து போகின்றன. ஜேம்ஸ் கிளாக் மாக்சுவெல் 1865 இல் வெளியான கட்டுரையில் அந்த வேகத்தைத் தன் சமன்பாடுகளிலிருந்து கணித்தபோது, அது ஒளியின் வேகமாகவே வந்து நின்றது. செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர். ஒளி என்றால் என்ன என்று கேட்கப் புறப்படாதவர் ஒளியைக் கண்டுபிடித்தார். 1887–88 இல் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895 இல் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், மில்லிமீற்றர் அளவு அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். வானொலி அலை, நுண்ணலை, செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, கழியூதா, எக்ஸ் கதிர், காமா எல்லாம் ஒரே குடும்பம். மீடிறன் ஒன்றுதான் வேறுபாடு.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த பெயர் இவர்களில் எவருடையதும் அல்ல. மாக்சுவெலிடம் படித்த ஜோன் ஹென்றி பொயின்டிங். 1884 இல் அவர் கேட்டது அம்மாவின் கேள்விதான்: புலத்தில் சக்தி இருக்கிறதென்றால், ஓரிடத்தில் அது குறையும்போது எந்தப் பக்கமாகப் போகிறது? கணக்கைப் போட்டார். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் செங்குத்தான திசையில், ஒவ்வொரு சதுர மீற்றர் வழியாகவும் இத்தனை வாற்று ஓடுகிறது என்று சொல்லும் சூத்திரம் கிடைத்தது. அதிலிருந்து வந்த முடிவு கேட்பவரை நிறுத்திவைக்கும்: விக்டோரியாவிலிருந்து கண்டிக்கு வரும் சக்தி கம்பியின் செம்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ளே ஓடிவரவில்லை. கம்பியைச் சுற்றியிருக்கும் வெறும் வெளியில் ஓடிவருகிறது. கம்பி வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். கம்பிக்குள் நுழைகிற பங்கு கம்பியைச் சூடாக்கிக் கழிவாகப் போகிற பங்கு. அதியுயர் மின்கோபுரங்களின் கீழே நடக்கும்போது அண்ணாந்து கம்பியைப் பார்க்கிறோம். ஆறு ஓடுவது கம்பிக்கும் கம்பிக்கும் இடையே.

பூமியை விட்டு வெளியேறும் கதிர்ப்புக்குத் திரும்புவோம். நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜனவரியில், பெப்ரவரியில், வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருக்கும் இரவுகளில் உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் தேயிலைத் தளிர் கருகிவிடும். தீயில் வாட்டியது போலிருக்கும். பனி மேலிருந்து விழுவதாகத்தான் தோட்டத்தில் சொல்வோம். உண்மையில் நடப்பது செலவு மட்டும் ஓடி வரவு நின்றுபோன கணக்கு. செடியும் மண்ணும் இரவு முழுக்கச் செந்நிறக்கீழ்க் கதிர்களை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மேகமிருந்தால் அது உறிஞ்சி, பாதியளவையாவது கீழே திருப்பி அனுப்பும். மேகமில்லாத வரண்ட இரவில் போனது போனதுதான். இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. நிழல்மரத்துக்குக் கீழே நின்ற செடி தப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் கிளைகள் வானத்தைவிடச் சூடானவை, அவையும் கீழ்நோக்கிக் கதிர்க்கின்றன, அதனால் தப்பியது. கண்ணுக்குத் தெரியாத கதிர்ப்பைக் கருகிய தளிரில் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் பேசி முடித்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், சக்தி அழியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகேன் மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்கிறீர்கள்?" என் ஆசிரிய வாழ்வில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் இதுவும் ஒன்று. அன்று அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5800 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒளி, போட்டன் எனப்படும் பொட்டலங்களாக வருகிறது. பூமி வாங்கிய சக்தியை முழுதாகத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் பூமி குளிர்ந்த பொருள், ஆகவே அதன் பொட்டலங்கள் சிறியவை. வரும் ஒவ்வொரு போட்டனுக்கும் ஏறக்குறைய இருபது போட்டன்களாகச் சில்லறை மாற்றி அனுப்புகிறோம். மொத்தத் தொகை ஒன்றே. ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்து ஐம்பது ரூபாய்த் தாள்களாக வாங்குவது போல. ஆனால் இயற்கையில் அந்தச் சில்லறையைத் திரட்டி மறுபடி ஒரே தாளாக்க முடியாது. ஒரு தாள் சில்லறையாக உடையும் அந்த வழியில்தான் மழை ஏறுகிறது, தளிர் துளிர்க்கிறது, நாம் மூச்சு விடுகிறோம். உடைந்து முடிந்த பிறகு அதைக் கொண்டு ஒரு தேத்தண்ணிகூடக் கொதிக்கவைக்க முடியாது. சக்தி எங்கும் போகவில்லை, பயன்தான் போய்விட்டது. மகளே, மிச்சம் பிடிக்கச் சொல்வது யூல்களை அல்ல, உடையாத தாள்களை.

தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தொழிற்சாலைக்குள், போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை வருகிறது. நடுவிலே மூன்றரைக் கிலோ தண்ணீரை விரட்டவேண்டும். அதற்கு ஏறக்குறைய 84 இலட்சம் யூல், இரண்டு அலகுக்கு மேல். கொழுந்தைப் பரப்பி ஓர் இரவு முழுக்கக் காற்றில் வாட்டுவதன் அருமை இங்கே தெரியும். இலவசமாக வரும் காற்றே தண்ணீரின் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. மிச்சத்துக்குத்தான் விறகு. விறகென்பதும் பல வருடங்களாக ஒரு மரம் சேர்த்துவைத்த வெயில். நன்றாக வாட்டத் தெரிந்தவர், தன்னையறியாமல் ஒரு மரத்தைக் காப்பாற்றுகிறார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று உலகமெங்கும் செய்தி போனது. குரங்கோடு பேச்சு முடிந்துவிட்டதே என்பதுதான் என் கவலை. உள்ளே நடந்தது சக்திக் காப்பின் நேரடிப் பாடம். மின்வலையமைப்பில் களஞ்சியம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ஒவ்வொரு கணமும் செலவாவது அதே கணத்தில் வரவேண்டும். திடீரென்று வரவு குறைந்தால் அந்தக் குறை எங்கிருந்தாவது வந்தாகவேண்டும். வருவது சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரங்களின் சுழற்சியிலிருந்து. விக்டோரியா, கொத்மலை போன்ற நிலையங்களின் பாரமான சுழலிகள் தங்கள் வேகத்தைக் கொஞ்சம் கொடுத்து இடைவெளியை நிரப்பும். ஆகவே 50 ஹேர்ட்ஸ் மீடிறன் சற்று இறங்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் கூட்டிக் கொடுத்துவிடும். ஞாயிறு முற்பகலில் தேவை குறைவு, வெயில் அதிகம், கூரைச் சூரியத் தகடுகள் நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே சுழலும் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. தகட்டில் சுழல்வது ஒன்றுமில்லை. கடன் கொடுக்க அதனிடம் வேகமில்லை. மீடிறன் சரிந்தது, ஒவ்வொன்றாகத் தொடர்பறுந்தது. இதைக் கேட்டுவிட்டுக் கூரைத் தகடு கூடாது என்று எவரும் வீட்டுக்குப் போகவேண்டாம். வெயிலை நேரே மின்சாரமாக்குவதைவிட நமக்கு நல்ல வழியில்லை. ஆயிரத்து முந்நூறில் ஒரு பங்கை எண்ணிப் பாருங்கள், தகடோ விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. தகட்டோடு மின்கலக் களஞ்சியமும் சேர்ந்து வரவேண்டும் என்பதே அந்த ஞாயிறு சொன்னது.

இனி நான் நீண்ட நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இது நம்மவர் ஒருவரின் கதை.

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் போல் டிராக்கின் கீழ் ஆய்வு செய்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, பிறகு மலாயா போய், இறுதியில் மெல்பேர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2001 இல் மறைந்தார். தமிழர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் என்று நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் பெயரில் பௌதிகத்தில் ஒரு தேற்றம் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம்.

பிரச்சினை இது. ஓர் இலத்திரனின் வேகத்தையோ திசையையோ மாற்றினால் அது கதிர்க்கும். கதிர்ப்பு சக்தியைக் கொண்டுபோகும். அந்தச் சக்தி யார் கணக்கிலிருந்து போகிறது? இலத்திரனின் கணக்கிலிருந்துதான் போகவேண்டும். அப்படியானால் கதிர்க்கும் இலத்திரனை ஏதோ ஒன்று பின்னுக்கு இழுக்கவேண்டும். தான் வெளியிட்ட ஒளியே தன்னைத் தடுக்கும் ஒரு விசை. பழைய பௌதிகத்தின்படி, ஐதரசன் அணுவில் புரோத்தனைச் சுற்றும் இலத்திரன் இப்படிக் கதிர்த்துக் கதிர்த்து, ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்களவு நேரத்துக்குள் புரோத்தனில் விழுந்துவிடவேண்டும். நாம் எல்லாரும் இங்கே உட்கார்ந்திருப்பதால் அது நடக்கவில்லை என்று தெரிகிறது. 1913 இல் நீல்ஸ் போர் அதற்கு வேறு வழி சொன்னார். ஆனால் அந்தப் பின்னிழுப்பு விசையின் சரியான வடிவம் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

1938 இல் டிராக் அதை எடுத்துக்கொண்டார். அவர் செய்த முறை வயற்காரருக்கு எளிதில் புரியும். இலத்திரன் போகும் பாதையைச் சுற்றி நெருக்கமாக ஒரு குழாய்வேலி போட்டார். அந்த வேலியைத் தாண்டிப் போகும் சக்தியையும் உந்தத்தையும் துல்லியமாகக் கணக்கெடுத்தார். உள்ளே குறைந்ததும் வெளியே போனதும் சரியாக இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து ஒரு சமன்பாடு பிறந்தது. எலியேசர் அந்தச் சமன்பாட்டை எடுத்து, எவரும் எளிதென்று நினைக்கும் ஒரு வினாவுக்குப் போட்டார்: இலத்திரன் ஒன்று நேர்க்கோட்டில் புரோத்தனை நோக்கி விழுகிறது. என்ன ஆகும்? எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும், மோதும் என்று சிறுபிள்ளையும் சொல்லும். 1943 இல் எலியேசர் காட்டியது: அந்தச் சமன்பாட்டின்படி மோதவே முடியாது. இலத்திரன் வழியில் நின்று, திரும்பி, இழுப்புக்கு எதிராக, மேலும் மேலும் வேகமெடுத்து வெளியே ஓடிவிடும்.

இப்படி நடக்காது என்பது எலியேசருக்கும் தெரியும். அவர் காட்டியது சமன்பாட்டின் நோயை. வேலி போட்டுக் கணக்கெடுத்த முறை சரி; ஆனால் புள்ளியாகிய இலத்திரனைச் சுற்றியுள்ள புலத்தில் எல்லையற்ற சக்தி பதுங்கிக் கிடக்கிறது, அதிலிருந்து எடுத்து எடுத்துத்தான் அந்த ஓட்டம் நடக்கிறது. கணக்குப் புத்தகம் சரியாக இருக்கலாம். பெட்டகத்தில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாவிட்டால் சரியான கணக்கும் கேட்டில் விடும். 1948 இல் எலியேசரே மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் முன்வைத்தார். அது இன்றைக்கும் இத்துறை ஆய்வாளர்கள் எடுத்துப் பேசுகிற ஒன்று. 2018 இல் இங்கிலாந்தின் ருதர்போர்ட் ஆப்பிள்டன் ஆய்வுகூடத்தில், ஒளிவேகத்தை நெருங்கும் இலத்திரன்களை மிகக் கடுமையான லேசர் ஒளியோடு நேருக்கு நேர் மோதவிட்டு, அவை கதிர்த்து வேகமிழப்பதை அளந்த முடிவுகள் வெளியாயின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் தாளிலேயே இருந்த அந்தப் பின்னிழுப்பு, கருவிகளின் முன் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. எலியேசர் கேட்ட இடத்தில் இன்றும் வேலை மிச்சமிருக்கிறது. இங்கே இருக்கும் பிள்ளைகளில் ஒருவர் அதைத் தொடரலாம் என்ற ஆசையோடுதான் இதை இவ்வளவு விரித்தேன்.

இதே பிடிவாதத்துக்கு இன்னொரு சாட்சி. சில அணுக்கருக்கள் இலத்திரனை வெளியிடும்போது கணக்கில் சக்தி குறைந்தது. போர் அவர்களே காப்பு விதியைக் கைவிட ஆயத்தமாக இருந்தார். 1930 இல் வொல்ப்காங் பவுலி, குறைந்ததைக் கண்ணுக்குப் படாத ஒரு துணிக்கை கொண்டுபோகிறது என்றார். 1956 இல் அதைப் பிடித்தார்கள். நியூத்திரினோ.

கடைசியாக, எனக்குக் கடிதமாகவும் நேரிலும் மிக அதிகமாக வரும் கேள்வி. "எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கோபுரம் போட்டிருக்கிறார்கள். கதிர்வீச்சு பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்களே?" அந்தத் தாய்மாரின் பயத்தை நான் ஒருபோதும் அலட்சியமாகப் பார்க்கமாட்டேன். கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லை ஹிரோசிமாவுக்கும் வானொலிக்கும் போட்டுவைத்தது அவர்கள் பிழையல்ல. 900 மெகாஹேர்ட்ஸ் தொலைபேசி அலையின் ஒரு போட்டனில் இருக்கும் சக்தி, பச்சை ஒளியின் ஒரு போட்டனில் இருப்பதில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு. நம் உடலின் மூலக்கூறுப் பிணைப்பை உடைக்க அது போதாது. எத்தனை கோடி வந்தாலும் சிறிது சூடேற்ற மட்டுமே முடியும். தூரம் பத்து மடங்கானால் அலையின் செறிவு நூறில் ஒரு பங்காகும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2011 இல் இவ்வகை அலைகளை "ஏதுவாயிருக்கக்கூடும்" என்ற 2பி வகுப்பில் வைத்திருக்கிறது, நிரூபிக்கப்பட்டது என்ற வகுப்பில் அல்ல. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காதோடு ஒட்டிவைக்கும் கைபேசி, தூரத்துக் கோபுரத்தைவிட அதிகம் கொடுக்கிறது. கோபுரம் எட்ட இருந்தால் கைபேசி இன்னும் பலமாகக் கத்தவேண்டியிருக்கிறது.

பயப்படவேண்டிய கதிர் வேறொன்று. பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் கண்ணிலும் தோலிலும் விழும் கழியூதா. அதன் போட்டன் பிணைப்பை உடைக்கும். கண்ணில் வெண்படலம் வருவதற்கு அது ஒரு காரணம். அகன்ற விளிம்புத் தொப்பியும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கேட்டு ஒரு தோட்டத்திலும் போராட்டம் நடந்ததாக நான் கேட்டதில்லை. நடக்கவேண்டும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஏப்ரல் 8 ஆம் திகதியளவில் சூரியன் கண்டிக்கு நேர் உச்சியில் வரும். பகல் 12 மணி 9 நிமிடமளவில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே இராது. அன்று பன்னிரண்டு மணிக்குக் கண்டி வாவிக் கரையிலோ உங்கள் பாடசாலை முற்றத்திலோ, அடியில் கறுப்புப் பூசிய தட்டமொன்றை வையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வெப்பமானியைப் போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். மேகமில்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1000 வாற்று விழுகிறது. அது முழுதும் தண்ணீருக்குப் போனால், தட்டம் பெரிதானாலும் சிறிதானாலும், நிமிடத்துக்கு 1.4 பாகை ஏறவேண்டும். உங்களுக்கு அவ்வளவு வராது. ஒரு பாகைகூட வராமல் போகலாம். வராத பங்கு காற்றோடு எவ்வளவு போனது, ஆவியோடு எவ்வளவு, தட்டத்தின் அடியால் எவ்வளவு, பளபளப்பில் தெறித்து எவ்வளவு, செந்நிறக்கீழ்க் கதிராக வானத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, யார் பேரில் எவ்வளவு என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.